மரத்துப்போகும் ஊசி வேறு, மயக்கம் கொடுப்பது வேறு: தசை நோய் உள்ளவர்களின் பல் சிகிச்சை

தசை நோய் உள்ள பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்குப் பல்வலி வெறும் பல்வலியோடு முடிவதில்லை. ‘ஊசி போட்டால் மூச்சு நின்றுவிடும்’ என்று உறவினர் ஒருவர் சொல்லியிருப்பார். ‘இந்தப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுப்பதில் கவனம் தேவை’ என்று பெரிய மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருப்பார்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, சொத்தைப் பல்லில் கிராம்பை வைத்து, மருந்துக்கடை மாத்திரையைக் கொடுத்து நாட்களைத் தள்ளுவார்கள். பல் அழுகும், தாடை வீங்கும், காய்ச்சல் வரும். கடைசியில் வாயைத் திறக்கவே முடியாத நிலையில் பிள்ளையைத் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிவரும்.

இந்தப் பயத்தில் பாதி நியாயமானது, பாதி தேவையற்றது. எது எந்தப் பாதி என்று பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் மருத்துவர் அல்ல. மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்பவற்றை நம் குடும்பங்களுக்குப் புரியும்படி எடுத்துவைக்கிறோம். மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

தசை நோய் என்றால் என்ன?

கையை உயர்த்த நினைக்கிறோம். மூளையின் கட்டளை தண்டுவடம் வழியாக நரம்புக்கு வருகிறது. நரம்பின் நுனி தசையைத் தொடும் இடத்தில் ஒரு வேதிப்பொருள் சுரக்கிறது. அதைப் பெற்றதும் தசை சுருங்குகிறது, கை உயர்கிறது. இந்தப் பாதையில் எந்த இடத்தில் பழுது ஏற்பட்டாலும் தசை பலவீனமாகும்.

பழுது தசையிலேயே இருந்தால் அது தசைச் சிதைவு நோய். அதில் பலரும் கேள்விப்பட்டது ‘டுஷென்’ வகை. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. தண்டுவட நரம்பணுக்கள் அழிந்தால் அது எஸ்.எம்.ஏ. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் பழுது என்றால் ‘மயஸ்தீனியா கிரேவிஸ்’. இது பெரியவர்களுக்கும் வரும். கண் இமை தொங்கும், மெல்ல மெல்லத் தாடை சோர்ந்துபோகும். சுருங்கிய தசை உடனே தளராமல் இறுகி நிற்பது ‘மயோட்டோனிக்’ வகை.

சேலத்தைச் சேர்ந்த வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகளைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் பலர் படித்திருக்கலாம். இருவருமே தசைச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவர்கள். அந்த நிலையிலும் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, அதே நோய் உள்ள மற்றவர்களுக்காக உழைத்தார்கள். மூத்தவரான வானவன் மாதேவி 2017-இல் காலமானார். இந்த நோயின் பெயர் தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியவந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நோயின் பெயர் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த நோயாளிக்குப் பல் வலித்தால் என்ன செய்வது என்பது பல வீடுகளுக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரே சொல்லால் வந்த குழப்பம்

நம் பேச்சு வழக்கில் பல் பிடுங்கும்போது ஈறில் போடுவதும் ‘மயக்க ஊசி’தான், அறுவை அரங்கில் நினைவிழக்கச் செய்வதும் ‘மயக்க ஊசி’தான். ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு மருந்துகள், வெவ்வேறு வேலைகள்.

ஈறில் போடுவது மரத்துப்போகும் ஊசி. அது அந்த இடத்து நரம்பை மட்டும் சிறிது நேரம் உணர்விழக்கச் செய்கிறது. பிள்ளை விழித்திருக்கிறது, பேசுகிறது, தானாகவே மூச்சு விடுகிறது. மற்றது முழு மயக்கம். அதில் உடல் முழுவதும் மருந்துக்குக் கட்டுப்படுகிறது, மூச்சையும் மருத்துவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தசை நோயாளிக்கு உயிராபத்து என்று மருத்துவ நூல்கள் எச்சரிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

மரத்துப்போகும் ஊசி: எவ்வளவு பாதுகாப்பு?

இன்று பல் மருத்துவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது லிக்னோகெயின். சுவீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கியது. பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள மருந்து. தசை நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, சரியான அளவில், கவனத்தோடு கொடுக்கும்போது இது பாதுகாப்பானதே. முழு மயக்கத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்து, இதையே பயன்படுத்துவதை மருத்துவர்கள் விரும்புகிறார்கள். ஆனாலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, இதயம். டுஷென் நோய் கை கால் தசைகளோடு நிற்பதில்லை. வயது ஏற ஏற இதயத் தசையையும் தாக்குகிறது. மயோட்டோனிக் வகையில் இதயத்துடிப்பின் ஒழுங்கு கெடலாம். பல் ஊசி மருந்தோடு பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். ரத்தக் கசிவைக் குறைக்கவும் மரப்பு நீடிக்கவும் அது உதவுகிறது, இதயத்துடிப்பையும் கூட்டுகிறது. ஆகவே இதயப் பாதிப்பு உள்ளதா என்று பல் மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் அட்ரினலின் அளவைக் குறைப்பார், அல்லது அது கலக்காத மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

இரண்டாவது, எடை. தசை மெலிந்த பிள்ளையின் எடை வயதுக்கு ஏற்றதாக இருக்காது. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. போகும் முன்பே எடை பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, கீழ்த்தாடையின் இரு பக்கங்களையும் ஒரே நாளில் மரக்கச் செய்வது. ஏற்கெனவே விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு நாக்கும் உதடும் சேர்ந்து மரத்துப்போனால் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று கேட்டுக்கொள்ளலாம். மரப்பு தெளியும்வரை சாப்பிடக் கொடுக்கக் கூடாது. உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான ஆபத்து எங்கே?

அறுவை அரங்கில் மூச்சுக்குழாய் பொருத்துவதற்காகத் தசைகளை நொடிப்பொழுதில் தளர்த்தும் மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் சக்சினைல்கோலின். டுஷென் போன்ற நோய் உள்ள பிள்ளைக்கு இதைக் கொடுத்தால், பலவீனமான தசைச் செல்கள் உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டும். பொட்டாசியம் திடீரென ஏறினால் இதயம் நின்றுவிடும். நோய் இருப்பதே தெரியாமல் இருந்த சிறுவர்கள் சிலர் இப்படி இறந்ததால்தான், 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இம்மருந்துக்குக் கடும் எச்சரிக்கை சேர்த்தது. ஹாலோத்தேன், செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்களும் இப்பிள்ளைகளின் தசையைச் சிதைக்கக்கூடும்.

வேறு சில பரம்பரைத் தசைக் கோளாறுகளில் இதே மருந்துகள் உடலைக் கொதிக்க வைக்கும். தசைகள் இறுகி, காய்ச்சல் கட்டுக்கடங்காமல் ஏறும். இது மருத்துவ உலகுக்குத் தெரியவந்த விதம் நம் ஒவ்வொருவருக்கும் பாடம். 1960-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் 21 வயது இளைஞர் ஒருவர் கால் முறிந்து மருத்துவமனைக்கு வந்தார். முறிந்த காலைவிட மயக்க மருந்தைப் பற்றியே அவர் அதிகம் கவலைப்பட்டார். தம் உறவினர் 10 பேர் மயக்க மருந்துக்குப் பின் இறந்ததாகச் சொன்னார். மருத்துவர்கள் வேறு வகை மருந்தைக் கொடுத்துக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். அப்படியும் அவர் உடல் கொதித்தது. விழிப்போடு இருந்ததால் உடனே மருந்தை நிறுத்திக் காப்பாற்றினார்கள். டென்பரோ, லவல் என்ற மருத்துவர்கள் அதை அந்த ஆண்டே மருத்துவ இதழில் எழுதினார்கள். குடும்பத்தில் நடந்ததை அந்த இளைஞர் வாய் திறந்து சொன்னதிலிருந்துதான் அந்த அறிவு தொடங்கியது.

நினைவு இருந்தும் அரைத் தூக்கத்தில் வைக்கும் மருந்துகள் மூன்றாவது வகை. பயப்படும் குழந்தைகளுக்கு மிடாசோலம் போன்றவற்றைக் கொடுப்பது உண்டு. அவை மூச்சை மந்தப்படுத்தும். மூச்சுத் தசை ஏற்கெனவே பலவீனமாக உள்ளவருக்கும், மயஸ்தீனியா, மயோட்டோனிக் நோயாளிகளுக்கும் சிறு அளவே அதிகமாகிவிடலாம். ஆகவே இவற்றைத் தெருமுனைப் பல் கிளினிக்கில் கொடுக்கச் சம்மதிக்கக் கூடாது. முழு மயக்கமோ அரை மயக்கமோ அவசியம் என்றால், மயக்கவியல் மருத்துவரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். ஆபத்தான அந்த மருந்துகளுக்கு மாற்று மருந்துகள் இருக்கின்றன. நோய் முன்கூட்டியே தெரிந்தால் அவற்றைப் பயன்படுத்துவார்கள்.

பயந்து தள்ளிப்போடுவதன் விளைவு இப்போது புரியும். சிறு சொத்தையை அடைப்பதற்கு மரத்துப்போகும் ஊசி போதும். பல நேரம் அதுவும் வேண்டியிராது. சீழ் கட்டித் தாடை வீங்கிய பிறகோ, முழு மயக்கம் கொடுத்துக் கீறிவிட வேண்டிய நிலை வரலாம். சின்ன ஊசிக்குப் பயந்தவர் பெரிய ஆபத்தின் வாசலுக்குத் தாமே பிள்ளையைக் கொண்டுபோகிறார்.

கோயம்புத்தூர் ஆய்வு தரும் பாடம்

மேலே சொன்ன சக்சினைல்கோலின் சிலருக்குத் தசை நோய் இல்லாமலேயே சிக்கல் தரும். அதை உடலில் சிதைக்கும் நொதி ஒன்று ரத்தத்தில் இருக்கிறது. அந்த நொதி பிறவியிலேயே இல்லாதவருக்கு, சில நிமிடங்களில் தெளிய வேண்டிய தளர்ச்சி மணிக்கணக்கில் நீடிக்கும். அதுவரை இயந்திரம்தான் மூச்சுவிட வைக்க வேண்டும். அன்றாட வாழ்வில் அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது.

தென்னிந்தியாவின் வைசிய சமூகத்தில் இந்தக் குறைபாடு அதிகம் இருப்பது 1979-இல் ஆந்திர ஆய்வு ஒன்றில் வெளியானது. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளிநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து வெளியிட்டார்கள். ஒரு சமூகத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது இத்தகைய அரிய மாற்றங்கள் பெருகுகின்றன. அந்தச் சமூகத்தில் பலர் இன்று அறுவைக்கு முன் இதை மருத்துவரிடம் சொல்கிறார்கள். மருத்துவர்களும் கேட்கிறார்கள். அதில் அவர்களுக்கு எந்த இழிவும் வந்துவிடவில்லை.

நம் குடும்பங்களிலும் மாமா மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் திருமணம் செய்வது வழக்கம். மார்க்கம் அதை அனுமதிக்கிறது. கடமையாக்கவில்லை. எஸ்.எம்.ஏ. போன்ற சில தசை நோய்கள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வரும்போது பிள்ளைக்கு வருபவை. ஆகவே சொந்தத்தில் மணம் முடித்த குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் இருந்தால், அந்தத் தகவல் பெரியப்பா, சின்னம்மா வீடுகளுக்கும் தெரிய வேண்டும். டுஷென் வகை பெரும்பாலும் தாய்வழியே வருவது. சொந்தத் திருமணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைக் காட்டி மருமகளைக் குறை சொல்வது அநியாயம்.

கத்னாவுக்கும் இது பொருந்தும்

பல்லைப் பற்றிப் பேசும்போது கத்னாவை விட்டுவிட முடியாது. நம் ஆண் பிள்ளைகள் முதன்முதலில் மருத்துவமனை மயக்கத்தைச் சந்திப்பது பல நேரம் அதற்காகத்தான். டுஷென் நோய் இன்னும் வெளியே தெரியாத வயதும் அதுவே. மூத்தவனுக்கோ தாய்மாமனுக்கோ இந்நோய் இருந்தால் இளையவனின் கத்னாவுக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். நடக்கத் தாமதமாவது, நுனிக்காலில் நடப்பது, கெண்டைக்கால் பருத்திருப்பது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இருந்தால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பந்தலும் விருந்தும் காத்திருக்கலாம்.

மாத்திரையிலும் கவனம்

ஊசிக்குப் பயப்படும் பலர் பல் பிடுங்கிய பிறகு எழுதித்தரும் மாத்திரையைப் பற்றி யோசிப்பதே இல்லை. மயஸ்தீனியா நோயாளிக்கு அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின், அஸித்ரோமைசின், ஜென்டாமைசின் போன்ற கிருமி மருந்துகள் அந்நோயை மோசமாக்கி மூச்சுத் திணறல்வரை கொண்டுபோகக்கூடும். நம் ஊரில் பல்வலிக்கு இவற்றில் சில சர்வசாதாரணமாகக் கிடைக்கின்றன. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் பழக்கத்தை இந்நோயாளிகள் அடியோடு விட வேண்டும். அமாக்சிசிலின் போன்ற மாற்றுகளை மருத்துவர் எழுதுவார்.

மயஸ்தீனியாவுக்குப் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை எடுப்பவர் காலை நேரத்தில், மாத்திரை போட்டு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போவது நல்லது. அப்போதுதான் தாடையில் பலம் இருக்கும். டுஷென் பிள்ளைகள் பலர் ஸ்டீராய்டு எடுக்கிறார்கள். அதைப் பல்லுக்காகத் திடீரென நிறுத்தக் கூடாது. எலும்பு வலுவுக்கு சோலெட்ரானிக் ஆசிட் போன்ற ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அந்த மருந்துக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு உண்டு.

நாற்காலியில் உட்காரும்போது

மூச்சுத் தசை பலவீனமானவரை மட்டமாகப் படுக்க வைத்தால் மூச்சு முட்டும். சாய்ந்து உட்கார்ந்த நிலையில் சிகிச்சை செய்யும்படி கேளுங்கள். வாயை நீண்ட நேரம் திறந்து வைக்க முடியாது என்பதால் நடுநடுவே ஓய்வு தேவை. ஒரு மணி நேர வேலையை இரண்டு நாளாகப் பிரிக்கலாம். மயோட்டோனிக் நோயாளிக்குக் குளிர் ஆகாது. ஏசியைக் குறைக்கச் சொல்லி, ஒரு சால்வை எடுத்துப் போங்கள்.

எழுதிக் கொண்டுபோக வேண்டியவை

வாயால் சொல்வது பதற்றத்தில் மறந்துபோகும். ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியைக் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

1. நோயின் சரியான பெயர். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது.
2. ‘சக்சினைல்கோலின், மயக்க வாயு குறித்து எச்சரிக்கை தேவை’ என்று நரம்பியல் மருத்துவர் கையெழுத்திட்ட குறிப்பு.
3. கடைசியாக எடுத்த எக்கோ, இ.சி.ஜி., மூச்சுத்திறன் சோதனை முடிவுகள்.
4. இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளும் அளவுகளும், எடையும்.
5. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் நேர்ந்த கோளாறு.
6. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் தொலைபேசி எண்.

தசைச் சிதைவு நோய் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ள 21 குறைபாடுகளில் ஒன்று. அதற்கான அடையாள அட்டை இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 60 கிலோமீட்டர் தொலைவில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. வலி வருவதற்கு முன்பே ஒருமுறை போய், யாரை எங்கே பார்ப்பது என்று தெரிந்துவைப்பது பிறகு வரும் அலைச்சலைக் குறைக்கும்.

மறைப்பது யாருக்கு நன்மை?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு தடை மிஞ்சுகிறது. ‘வெளியே தெரிந்தால் பெண் பிள்ளைக்கு வரன் வராது’ என்று நோயையே மறைக்கும் வீடுகள் நம்மிடையே உள்ளன. பல் மருத்துவர் தெரிந்தவராக இருந்தால் அவரிடமும் மறைக்கிறார்கள். ஊர் வாய்க்குப் பயப்படுவது புரிகிறது. ஆனால் மருத்துவரிடம் சொல்வது ஊருக்குச் சொல்வதாகாது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். தானாகப் பேசி விளக்க முடியாத பிள்ளையின் உடல் இரட்டை அமானிதம்.

நோன்பு நேரத்தில்

ரமளானில் பல்வலி வந்தால் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி இது. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-இல் நிறைவேற்றிய 93-ஆம் தீர்மானத்தின்படி, பல் குடைவதும் பிடுங்குவதும், தொண்டைக்குள் செல்வதை விழுங்காதவரை நோன்பை முறிக்காது. உணவாக அமையாத ஊசிகளும் அவ்வாறே. தாமதித்தால் கெடுதி இல்லாத சிகிச்சையை நோன்பு திறந்த பின் வைத்துக்கொள்வது நல்லது என்பதையும் அத்தீர்மானம் கூறுகிறது. நேரம் தவறாமல் மாத்திரை எடுக்க வேண்டிய மயஸ்தீனியா நோயாளிகள் முதலில் மருத்துவரிடம் கேட்டு, பிறகு தம் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டு முடிவெடுக்கட்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்பதில் குற்றவுணர்வு வேண்டாம்.

பல்லைக் காப்பதே முதல் மருந்து

மிஸ்வாக் செய்வதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை நாம் அறிவோம். கை தூக்க முடியாத பிள்ளை தானாக எப்படிப் பல் துலக்கும்? அத்தாவோ அம்மாவோ காலையிலும் இரவு தூங்கும் முன்பும் துலக்கிவிட வேண்டும். தடித்த கைப்பிடி உள்ள பிரஷ்ஷும் பேட்டரி பிரஷ்ஷும் உதவும். விழுங்கச் சிரமப்படும் பிள்ளையின் வாயில் உணவு தங்கும். சாப்பிட்டதும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பிள்ளை பாவம் என்று இனிப்பை அள்ளிக் கொடுக்கும் பாசத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டினால், சொத்தை சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிடலாம்.

இந்தக் கட்டுரையைப் படித்த குடும்பத்தில் தசை நோயாளி யாரும் இல்லாமல் இருக்கலாம். உங்கள் ஜமாஅத்தில் ஒரு வீட்டில் இருப்பார். கட்டுரையை அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். முடிந்தால் அந்தத் தாளை எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக.